வயிற்றைக் கழுவிய வகையில்

முதலில் மொத்தத்தை மட்டும் ஒற்றைத் தாளில் அனுப்பினார்கள்.
வரிவரியாக வேண்டும் என்று எழுதிக் கேட்டேன்.
பதினேழாம் நாள் வந்தது, நாற்பத்தொரு பக்கம்,
தபால்பெட்டிக்குள் பனி புகுந்து ஓரமெல்லாம் ஊறி.

டுலூத்தில் மார்ச். ஏரி இன்னும் இறுகித்தான் கிடக்கிறது.
சோபாவில் ஆர்விட், வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்தபடி.
இருமல் வந்தால் அழுத்திப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
பத்தொன்பது வருடமாக
மற்றவர்கள் குடலை எண்ணாக மாற்றுவது என் வேலை.
வெட்டியது எவ்வளவு, இணைத்தது எப்படி,
வயிற்றைத் திறந்தா, துளை வழியாகவா:
ஐந்து இலக்கம் போட்டால் முடிந்தது. அடுத்தவர்.
அந்த எண்கள் எதுவும் இருமியதில்லை.

சமையல் மேசையில் பென்சிலோடு உட்கார்ந்தேன்.

அறுவை அரங்கு, முதல் மணிக்கு ஒரு விலை,
பிறகு கால்மணிக்கு ஒரு விலை, டாக்ஸி மீட்டர் போல.
மயக்கம் கொடுத்தது, பதினெட்டுக் கால்மணி.
தைக்கும் பொறி ஒன்று, அதற்குத் தோட்டா நான்கு,
ஒருமுறை சுட்டதும் குப்பைக்கு.
அந்த விலைக்கு எங்கள் பிக்கப் வண்டியை வாங்கியிருந்தோம்.
வயிற்றைக் கழுவிய வகையில், உப்புநீர், மூன்று லிட்டர்.

பென்சில் அங்கே நின்றுவிட்டது.
வயிற்றைக் கழுவத்தானே
இரும்புத்தாது ஏற்றும் துறையில் முப்பது குளிர்காலம் நின்றார் இவர்,
நான் ஜன்னலில்லாத அறையில்.
மூன்று லிட்டரில் ஆகிற காரியமா அது?

கத்திக்குத்தான் விலை என்று ஊரே நினைக்கிறது.
கத்தி பதினோராம் பக்கத்தில் முடிந்துபோகிறது.
மீதி முப்பதும் ஒரு கசிவு.
ஐந்தாம் நாள், தையல் விட்ட இடம்,
பட்டாணி அளவுகூட இல்லை என்றார் டாக்டர்.
எத்தனை பேருக்கு அந்தக் கசிவுக்கு எண் போட்டிருப்பேன்,
டீ ஆறுவதற்குள்.
இங்கே அது மறுபடி திறப்பாக, தீவிரப் பிரிவில் ஆறு இரவாக,
மூச்சுக்குழாயாக, எந்நேரமும் ரத்தம் எடுப்பதாக
பக்கம் பக்கமாக ஊறியிருக்கிறது.
ஒரு இரவுக்கு எங்கள் வீட்டுக் கடனின் ஐந்து மாதத் தவணை.

முப்பத்து மூன்றாம் பக்கம்:
பயிற்சியாளர் நடக்க வைத்தது, வியாழன், இருபது நிமிடம்.

வியாழன் யாரும் வரவில்லை.
மருந்துக் கம்பத்தை ஒரு கையால் தள்ளி
மறு கையால் அவர் அங்கியின் பின்பக்கத்தைப் பொத்தி
ஐஸ் மெஷின் வரைக்கும் நடத்திப்போனவள் நான்.

போன் போட்டேன். முப்பத்தேழு நிமிடம் பியானோ.
பிறகு ஒரு குரல், பிறந்த தேதி கேட்டது, சொன்னேன்.
சற்று நேரம் சத்தமே இல்லை.
"லோர்னா, நீயா?"
என் பக்கத்து மேஜை ரொக்ஸான்.
"அந்த வியாழனை ஏத்தினது நான்தான். குறிப்புல அப்படி இருந்துச்சு."
"தெரியும். நானா இருந்தாலும் அப்படித்தான் ஏத்தியிருப்பேன்."
இருநூற்றுப் பன்னிரண்டு டாலரை அடித்துவிட்டாள்.
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்தில்.

காப்பீடு தன் பங்கைக் கட்டியபின்
எங்களுக்கு அறுபது மாதத் தவணை வரும்.
முடியும்போது ஆர்விட்டுக்கு அறுபத்தெட்டு.

போனை வைத்தபின்னும் தேடிக்கொண்டிருந்தேன்.
காலை தவறாமல் டாக்டர் கேட்ட ஒரே கேள்வி,
"காற்று பிரிந்ததா?"
பதினான்காம் இரவு, நாலு மணி இருபது நிமிடம், பிரிந்தது.
பாலத்தடியில் நுழையும் தாதுக்கப்பல் ஊதுவதுபோல், நீளமாக.
நர்ஸ் ஓடிவந்து கைதட்டினாள், பலகையில் நேரம் எழுதினாள்.
முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் அழுது பார்த்தேன்.

நாற்பத்தொரு பக்கத்திலும் அது இல்லை.
பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

"அதுக்கு எவ்வளவு போட்டிருக்கான்?" என்றார் சோபாவிலிருந்து.
"எதுக்கு?"
வாயால் ஊதிக் காட்டினார்.
நான் முந்திக்கொண்டேன், அவர் தொற்றிக்கொண்டார்,
தலையணையை இறுக்கிப் பிடித்து, கண்ணில் நீர் வர,
"சிரிக்க வைக்காதே, லோர்னா,
தையல் விட்டா
இன்னொரு முப்பது பக்கம்."